தறிக்கும் கடைக்கும் நடுவே: கொல்கத்தாவின் ஆடைத்தொழிலும் தனி டிசைனர்களும்

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்திருந்தார்கள். சுண்டலும் தாம்பூலமும் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த அம்மா கிளம்பவில்லை. "மாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இவ இஞ்சினியரிங் வேண்டாங்கறா. ஃபேஷன் டிசைன் படிச்சு, சொந்தமா லேபிள் ஆரம்பிக்கப் போறாளாம். தையல்காரி ஆகறதுக்கா இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்றாள். பெண் எதுவும் பேசவில்லை. கொலுப்படியில் விரித்திருந்த என் மாமனாரின் பழைய சரிகை வேட்டியின் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1990-களில் லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டின் முன்னறையில் இரண்டு மெஷினும் ஒரு கட்டிங் மாஸ்டரும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் சல்வார் செட்டும் பிளவுஸும் தைத்து விற்றவள் நான். ஒரு பூஜைக்கு முன்னால் கடைக்காரர் ஒருவர் நாற்பது செட் எடுத்துக்கொண்டார், 'விற்றால் பணம்' என்ற பேச்சில். பணம் ஐந்நூறும் ஆயிரமுமாகப் பொங்கல் வரை வந்தது. விற்காத பதினாறு செட் மடிப்பெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தன. கடைசித் தவணை வரவே இல்லை. மாஸ்டருக்குக் கொடுக்க என் வளையல் ஒன்றை அடகு வைத்தேன். அடுத்த வருஷம் மெஷின்களை விற்றுவிட்டேன்.

அதனால் அன்று கொலுவில் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, அந்தப் பதிலையே நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாம் குடியிருக்கும் இந்த ஊரில் ஆடைத்தொழில் எப்படி மாறியிருக்கிறது, 'தனி டிசைனர்' என்பவர் யார், அந்தத் தொழிலில் ஒரு பெண் பிழைக்க முடியுமா என்பதுதான் விஷயம்.

பெயர் இல்லாத கைகள்

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். நம் வீடுகளில் கல்யாணப் புடவை காஞ்சிபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும். தினப்படிக்குச் சாந்திப்பூர், தங்காயில் என்று கரியாஹாட்டில் வாங்குவோம். பிளவுஸ் பாடாவில் இருக்கும் தையல்காரரிடம். ஆம்பிளைகளுக்குத் துணி எடுத்துப் பேன்ட் தைப்பது. இதில் யார் நெய்தார், யார் தைத்தார் என்று நாம் கேட்டதே இல்லை. கடையின் பெயர்தான் தெரியும்.

ஆனால் கைகளுக்குச் சரித்திரம் உண்டு. அவத் நவாப் வாஜித் அலி ஷாவை ஆங்கிலேயர் நாட்டைப் பறித்துக்கொண்டு அனுப்ப, அவர் 1856-ல் கல்கத்தாவுக்கு வந்து, ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுருஸில் குடியேறினார். லக்னோவின் சமையல்காரர்களும் பாடகர்களும் வந்ததுபோலவே தையல்காரர்களும் அவரோடு வந்தார்கள். இன்றும் மெட்டியாபுருஸ் இந்தியாவின் பெரிய தையல் பேட்டைகளில் ஒன்று. அங்கே முதலாளித் தையல்காரருக்கு 'ஓஸ்தாகர்' என்று பெயர். அவர் துணி வாங்கி, வெட்டி, வீடு வீடாகத் தைக்கக் கொடுத்து வாங்குவார். சரக்கு ஹாவ்ராவில் மங்களா ஹாட்டுக்குப் போகும். மங்கள்பார், அதாவது செவ்வாய்க்கிழமை கூடும் சந்தை என்பதால் அந்தப் பெயர். 2023 ஜூலையில் அங்கே பெருந்தீ பிடித்துக் கடைகள் சாம்பலானபோதுதான் நம்மில் பலருக்கு அந்தச் சந்தையின் அளவே தெரிந்தது.

பனியன் கதையும் இங்கேதான் ஆரம்பம். இந்தியாவின் முதல் பின்னலாடைப் பட்டறை 1893-ல் கிதிர்பூரில் தொடங்கப்பட்டது என்பார்கள். நாம் திருப்பூரைப் பெருமையாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் இன்றும் பெரிய உள்ளாடைக் கம்பெனிகள் சிலவற்றின் தலைமையகம் கொல்கத்தாவில், ஆலைகள் திருப்பூரில். அந்த வழியில் நமக்கும் வங்காளிகளுக்கும் பழைய உறவு.

ஹாவ்ரா மாவட்டத்துப் பாஞ்ச்லா பக்கம் சரிகை வேலை, வீர்பூமில் காந்தா, நதியாவில் சாந்திப்பூர்-ஃபுலியா தறிகள், பிஷ்ணுபூரில் பாலுச்சரி என்று கொல்கத்தாவைச் சுற்றிச் சில மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை கைகள். டிசைனர்கள் பலர் இந்த ஊரிலிருந்து கிளம்பியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். மும்பையில் கடை வாடகைக்குக் கிடைக்கும். ஊசி பிடிக்கிற கையை வாடகைக்குப் பிடித்துவந்துவிட முடியாது.

பெயர் வந்த கதை

முதல் மாற்றம், பெயர். 1960-களின் கடைசியில் ரீத்து குமார் இந்த ஊரில் இரண்டு மேஜையும் நான்கு அச்சுக்காரர்களுமாகத் தொழில் தொடங்கினார். ஸ்ரீராம்பூர் பக்கம் கட்டை அச்சு அடிப்பவர்கள் வேலையில்லாமல் இருந்த காலம் அது. பழைய அச்சு வடிவங்களைத் தேடி எடுத்து, புதுத் துணியில் அடித்து, 'இது இன்னாருடையது' என்று விற்றதில்தான் புதுமை. அதற்கு முன் துணிக்குக் கடை உண்டு, மில் உண்டு. யோசித்தவருக்குப் பெயரில்லை. 2013-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிறகு 1991-ல் ஷர்பரி தத்தா ஆண்களின் உடுப்பை எடுத்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பஞ்சாபி என்றிருந்த வங்காளிக் கல்யாண மாப்பிள்ளைக்குக் கலர் வேட்டி கட்டிவிட்டு, குர்த்தாவில் காந்தாத் தையலில் உருவங்களை ஓடவிட்டார். அப்போது சிரித்தவர்கள் உண்டு. இப்போது கல்யாண வீடுகளில் கலர் வேட்டி சாதாரணம். 2020 செப்டம்பரில் அவர் காலமானார்.

இவர்கள் தாமாகக் கற்றவர்கள். படிப்பாக இது வந்தது நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகத்தால். 1986-ல் டெல்லியில் ஆரம்பித்து, 1995-ல் கொல்கத்தாவிலும் சென்னையிலும் கிளை திறந்தார்கள். இங்கே சால்ட் லேக், அங்கே தரமணி. 1998-ல் டிசைனர்களுக்கென்று ஒரு கவுன்சில், 2000-ல் டெல்லியில் முதல் இந்தியா ஃபேஷன் வீக். இவை வந்தபின் டிசைனர் சரக்கைக் கடைக்காரர்கள் ஒரே இடத்தில் பார்த்து ஆர்டர் கொடுக்க வழி ஏற்பட்டது. மேடையில் நடக்கும் மாடல்களைத்தான் டிவியில் காட்டுவார்கள். தொழில் நடப்பது பின்னால் ஸ்டால்களில்.

கொல்கத்தா நிஃப்டில் 1999-ல் படித்து முடித்தவர் சப்யசாசி முகர்ஜி. சகோதரியிடம் கடன் வாங்கிய 20,000 ரூபாயும் மூன்று வேலையாட்களுமாகத் தொடங்கியதாகச் சொல்வார்கள். 2005-ல் வெளிவந்த 'பிளாக்' இந்திப் படத்தின் உடைகளுக்காகத் தேசிய விருது பெற்றார். அவருடைய கல்யாண லெஹங்காவும் புடவையும் இன்று தெரியாத வீடில்லை. அதே ஊரில் அனாமிகா கன்னா புடவையையும் தோத்தியையும் சேர்த்துத் தைத்துப் புது உருவம் கொடுத்தார். கிரண் உத்தம் கோஷ், தேவ் ஆர் நீல் என்று வரிசை நீண்டது.

இந்த வரிசை ஒரு விஷயத்தை நிலைநாட்டியது: துணிக்கும் கூலிக்கும் மேலே யோசனைக்கும் விலை உண்டு. நான் தைத்த காலத்தில் வாடிக்கையாளர் கேட்பார், "துணி எண்பது ரூபாய், தையல் நாற்பது, அப்புறம் ஏன் இருநூற்றைம்பது?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும்.

கரியாஹாட்டில் 1997

இரண்டாவது மாற்றம் எதிர்த் திசையில் வந்தது. 1997-ல் கரியாஹாட்டில் பேன்டலூன்ஸ் தன் முதல் கடையைத் திறந்தது. பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஏசி, ட்ரையல் ரூம், சின்னது-நடுத்தரம்-பெரிசு என்று அளவு போட்ட உடுப்பு. "மாஸ்டர், தோள் இறங்கறது" என்று மூன்று முறை நடக்க வேண்டாம். 2003-ல் எல்கின் ரோடில் ஃபோரம், 2008-ல் சவுத் சிட்டி என்று மால்கள் வந்தபின் பாடாத் தையல்காரர் பலர் ஆல்டரேஷனுக்கு ஒதுங்கிவிட்டார்கள். ரெடிமேடு விலை குறைந்துகொண்டே போனது. மாதாமாதம் புது டிசைன், மூன்று துவையலில் சாயம் போனால் போகட்டும் என்ற வழக்கம் வந்தது.

அந்த மலிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது 2013 ஏப்ரல் 24 அன்று தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்காவை அடுத்த சாபாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து, உள்ளே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்களில் 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். 'என் உடுப்பைத் தைத்தது யார்?' என்று உலகம் முழுக்க வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சின்ன லேபிள்களுக்கு ஒரு கூட்டம் சேர்ந்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

பெரிய இடத்தில் இன்னொன்று நடந்தது. ஆதித்ய பிர்லா குழுமம் 2013-ல் பேன்டலூன்ஸை எடுத்துக்கொண்டது. அதே குழுமத்தின் ஆடைக் கம்பெனி 2021 ஜனவரியில் சப்யசாசியின் நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை 398 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. கரியாஹாட்டின் ரெடிமேடு கடையும், அதற்கு நேர் எதிர் என்று நாம் நினைத்திருந்த டிசைனர் பெயரும் ஒரே குடையின்கீழ். டிசைனர் பெயர் என்பது பங்குச்சந்தைக்காரர்கள் விலை போடுகிற சொத்தாகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த உயரத்துக்குப் போகும் ஏணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அப்படியானால் கீழே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

சின்ன லேபிள்கள்

அங்கேதான் தனி டிசைனர் வருகிறார். பெரிய முதலீட்டாளர் இல்லாமல், பத்துப் பதினைந்து பேரோடும் சில தறிக் குடும்பங்களோடும் நடத்துகிறவர். கொல்கத்தாவில் இவர்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பாதிப் பேர் துணியிலிருந்து தொடங்குகிறார்கள், உடுப்பிலிருந்து அல்ல. பாப்பாதித்ய விஸ்வாஸும் ரூமி விஸ்வாஸும் பைலூ என்ற பெயரில் கைத்தறியிலேயே சோதனைகள் செய்தார்கள். ஹிந்துஸ்தான் பார்க்கில் ஒரு பழைய வீட்டைக் கடையாக்கிய பைலூமுக்கு நம் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம். சௌமித்ர மண்டல் மெல்லிய கதரையும் மஸ்லினையும் எடுத்துக்கொண்டார். பரோமிதா பானர்ஜி ஒட்டுத்துணியும் காந்தாவும். கல்லோல் தத்தா தன்னை 'ஆடை செய்பவர்' என்றே சொல்லிக்கொண்டு, உடம்பைப் பிடிக்காத, தொளதொளத்த வடிவங்களைத் தைத்தார்.

சாந்தனு தாஸின் மாக்கு என்ற லேபிளின் அடையாளம் அவுரி நீலமும் ஜாம்தானியும். இதே நதியா மாவட்டத்தில்தான் 1859-ல் நீலச் சாகுபடிக்குக் கட்டாயப்படுத்திய வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களை எதிர்த்து விவசாயிகள் கிளர்ந்தார்கள். அன்று அழ வைத்த நிறத்தில் இன்று சிலர் சோறு சாப்பிடுகிறார்கள்.

இவர்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவது மாற்றம், செல்போன். முன்பு கடைக்காரர் மனசு வைத்தால்தான் என் சரக்கு ஜனங்கள் கண்ணில் படும். இப்போது போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் பெங்களூரில் இருப்பவள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள், யுபிஐயில் பணம் அனுப்புகிறாள், கூரியரில் புடவை போகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் மூடிய பிறகு, தயங்கியவர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். அந்த மே 20-ல் அம்பான் புயல் வேறு வந்து நெசவாளர் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. அந்த வருஷம் தேங்கிக் கிடந்த புடவைகளை முகம் தெரியாதவர்கள் போனிலேயே வாங்கித் தீர்த்த கதைகளை நாமும் கேட்டோம். கடை திரும்பத் திறந்தாலும் பழக்கம் திரும்பவில்லை. இது நிலைத்த மாற்றம்.

ஒரு குர்த்தாவின் கணக்கு

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு டிசைனர் விலை கொள்ளையாகத் தெரியும். ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்குத்தான், ஆனால் கணக்கின் போக்கு உண்மை.

காந்தா வேலை செய்த ஒரு கைத்தறிக் குர்த்தா. துணி 600 ரூபாய். கட்டிங், தையல், காஜா-பட்டன் 300. காந்தாக் கூலி 700. சாம்பிள் கெட்டது, துவைத்துப் பார்த்தது, லேபிள், பை எல்லாம் சேர்த்து 200. ஆக 1,800. பத்துக் குர்த்தாவுக்கு 18,000 கையிலிருந்து போகிறது. இது விற்பனைக்கு முன்பே போகிற பணம். கைவேலைக்காரர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

கடையில் 4,000 என்று விலை போடுகிறோம். கடைக்காரர் நாற்பது சதவீதம் எடுத்துக்கொண்டால் நமக்கு 2,400. பத்தில் ஏழு விற்றது என்று வையுங்கள். வருவது 16,800. அதாவது 1,200 ரூபாய் நஷ்டம், மூன்று அழுக்குக் குர்த்தாவும் மிச்சம். என் பழைய கதை இதேதான்!

அதே ஏழை நேராக விற்றால் 28,000 வருகிறது. செலவு 18,000. போட்டோ, கூரியர், 'சைஸ் சரியில்லை' என்று திரும்பி வருவது ஆகியவற்றுக்கு 3,000 போனாலும் 7,000 நிற்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டருக்கு மட்டும் தைத்தால் விற்காத சரக்கே இல்லை. சின்ன லேபிள் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்தான். 'மூன்று வாரம் ஆகும்' என்று அவர்கள் சொல்வதில் பந்தா ஒன்றுமில்லை. அந்த மூன்று வாரம்தான் அவர்கள் முதலீடு.

இதில் வரியைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள தைத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000-க்கு மேல் 12 ஆக இருந்தது. கைவேலை சேர்ந்தால் குர்த்தா 2,500-ஐத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். மெஷின் உடுப்புக்குக் குறைந்த வரி, கைவேலைக்கு அதிக வரி என்றுதான் நடைமுறையில் முடிகிறது. புடவை துணிக் கணக்கில் வருவதால் 5 சதவீதத்தில் நிற்கிறது. புது டிசைனர்கள் பலர் புடவையை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நகல் எடுத்தால்?

மூன்றாவது மாடிப் பெண் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. போனில் போட்ட டிசைன் ஒரு வாரத்தில் பர்ரா பஜாரிலோ சூரத்திலோ பவர்லூமில், பிரின்டில் வந்துவிடுகிறது. வழக்குப் போடலாமே என்று தோன்றும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 15-வது பிரிவு என்ன சொல்கிறதென்றால், டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தக்க ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, இயந்திர முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால், அதற்குப் பதிப்புரிமை போய்விடும். 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரீத்து குமாரின் கம்பெனியே இந்தப் பிரிவால் பீபா கம்பெனிக்கு எதிராகத் தோற்றது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. டிசைன் சட்டம் 2000-ன்படி பதிந்தால் பத்து வருஷம், நீட்டித்தால் பதினைந்து வருஷம் பாதுகாப்பு. ஆனால் அதை வெளியில் காட்டுவதற்கு முன்பே பதிய விண்ணப்பிக்க வேண்டும். போட்டோவை முதலில் போடுவதும் பதிவுக்குப் பிறகு ஓடுவதும் தலைகீழ்.

ஊர்ப் பெயருக்கு வேறொரு காப்பு உண்டு, புவிசார் குறியீடு. காஞ்சிப் பட்டுக்கு இருப்பதுபோல நக்ஷி காந்தாவுக்கு 2008-ல் கிடைத்தது. 2024 ஜனவரியில் 'வங்காளத் தங்காயில் புடவை'க்கும் கிடைத்தது. தங்காயில் இருப்பது வங்கதேசத்தில் அல்லவா என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பி, அவர்களும் அடுத்த மாதமே தங்கள் நாட்டில் குறியீடு கொடுத்துக்கொண்டார்கள். 1947-க்குப் பிறகு அங்கிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் ஃபுலியாவில் தறி போட்டதால் வந்த சிக்கல் இது. புலம்பெயர்ந்த கை எந்த ஊருக்குச் சொந்தம் என்ற கேள்வி, இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்குப் புரியாததல்ல.

தறியில் உட்கார்ந்திருப்பவர்

இவ்வளவு பெயர்களைச் சொன்னேன். எல்லாம் டிசைனர் பெயர்கள். தறியில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது?

2019-20-ல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். அசாமுக்கு அடுத்து மேற்கு வங்கம்தான் அதிகம். மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கைத்தறிக்கென்று 1985-ல் ஒரு சட்டம் போட்டுச் சில வகைகளை ஒதுக்கினார்கள். பட்டியல் பிறகு 11 வகையாகச் சுருங்கியது. ஒதுக்கியதையும் பவர்லூம் நெய்கிறது. சாந்திப்பூர் பக்கம் போனால் பவர்லூமின் சத்தம் தெருவிலேயே கேட்கிறது.

பெரும்பாலும் நெசவாளர் மகாஜனிடமிருந்து நூல் வாங்கி, நெய்து கொடுத்து, கூலி வாங்குகிறார். டிசைனருக்கு அவர் யார் என்று தெரியாது, அவருக்கு டிசைனர் யார் என்று தெரியாது. சின்ன லேபிள்களில் நல்லவை இந்த நடுச்சுவரை உடைக்கப் பார்க்கின்றன. வருஷம் முழுக்க வேலை தருவது, நூலைத் தாங்களே வாங்கித் தருவது, சாம்பிளுக்கும் கூலி கொடுப்பது என்று. சப்யசாசியும் லாபமில்லாமல் கைத்தறிப் புடவை விற்று முர்ஷிதாபாத் நெசவாளர்களுக்குப் பணம் போகும் ஒரு திட்டத்தை நடத்தினார். அதே சப்யசாசி 2021-ல் எச் அண்ட் எம் கம்பெனியோடு சேர்ந்து இந்திய அச்சு வடிவங்களை மெஷினில் அடித்து விற்றபோது, கைவினை அமைப்புகள் பல சேர்ந்து திறந்த கடிதம் எழுதின. வடிவம் எங்கள் அச்சுக்காரர்களுடையது, அவர்களுக்கு இதில் என்ன பங்கு என்பது கேள்வி. இந்தியச் சாயல் எல்லோர் கைக்கும் எட்டட்டும் என்பது மறுபக்க நியாயம். இரண்டையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது: பெயருக்கு விலை உண்டு என்று டிசைனர்கள் நிலைநாட்டினார்களே, அதே நியாயம் கைக்கும் பொருந்த வேண்டும்.

இதில் நம் ஊர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், 2010-களில் பட்டுப் புடவையோடு நெய்தவரின் போட்டோவும் பெயரும் போட்ட அட்டையை வைக்கத் தொடங்கியது. சின்ன அட்டைதான். ஆனால் புடவையை வாங்கி முகத்தைப் பார்த்தவர் அடுத்த முறை விலை பேசும்போது கொஞ்சம் தயங்குவார்.

மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு

அந்தப் பெண்ணை அப்புறம் கூப்பிட்டுப் பேசினேன். நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இதே கேள்வியுள்ள வீடுகள் நம்மிடையே நிறைய.

முதலில், கணக்கு. "வரையத் தெரிஞ்சா போதாதும்மா, ஒரு உடுப்புக்கு என்ன அடக்கம்னு ராத்திரி தூக்கத்துல கேட்டாலும் சொல்லத் தெரியணும்" என்றேன். 'விற்றால் பணம்' என்ற பேச்சில் எவ்வளவு போனால் தாங்குமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும், அதுவும் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு.

இரண்டாவது, படித்த கையோடு லேபிள் வேண்டாம். இரண்டு வருஷமாவது ஒரு சின்ன லேபிளில் வேலை பார்த்தால் மாஸ்டரோடு, ஓஸ்தாகரோடு எப்படிப் பேசுவது என்று வரும். நிஃப்டில் நான்கு வருஷம், கட்டணம் லட்சக்கணக்கில். அந்தப் பணம் போட்டுவிட்டு அடுத்த மாதமே கடனில் கடை திறப்பது நான் பண்ணினதைவிடப் பெரிய தப்பு.

மூன்றாவது, அவளுக்கே தெரியாத ஒரு சொத்து அவளிடம் இருக்கிறது. இந்த ஊரில் பிறந்ததால் நெசவாளரோடு வங்காளியில் நேராகப் பேச முடியும். வீட்டில் பாட்டியின் பீரோவில் கோர்வைக் கரை, கண்டாங்கிக் கட்டம் எல்லாம் இருக்கிறது. ஃபுலியாத் தறியில் நம் கண்டாங்கிக் கட்டத்தை எப்படி நெய்யலாம் என்று யோசிக்க இவளைப்போல இரண்டு ஊரும் தெரிந்தவளால்தான் முடியும். சியால்தாவிலிருந்து சாந்திப்பூர் லோக்கலில் ஏறினால் வழியில்தான் ஃபுலியா. காலேஜில் சேருவதற்கு முன்னால் நாலு முறை போய் வந்துவிடு என்றேன்.

பெரியவர்களுக்கும் கொஞ்சம் உண்டு. தெரிந்த பெண் தைக்கிறாள் என்றால் முதல் கேள்வியாக 'நமக்கு எவ்வளவு குறைப்பே' என்று கேட்காமல் இருக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் கொடுக்கலாம். பூஜைக்கும் தீபாவளிக்கும் மூன்று வாரம் முன்னால் சொல்லலாம். வருஷத்தில் பத்து மலிவு உடுப்புக்குப் பதில் எட்டு வாங்கி, மிச்சத்தில் ஒன்றை யார் நெய்தார் என்று தெரிந்து வாங்கலாம். தனி டிசைனர் நிலைப்பதும் நிலைக்காததும் ஃபேஷன் வீக் மேடையைவிட இந்தச் சின்னப் பழக்கங்களைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

பெண்ணின் அம்மா லிஃப்டில் பார்த்து மறுபடி கேட்டாள், "அப்ப தையல்காரிதானா மாமி?" என்று. "ஆமாம். நெசவாளிக்கும் தையல்காரருக்கும் கூலியைச் சொன்ன தேதியில் கொடுக்கிற தையல்காரி. அது கேவலமில்லே" என்றேன். அவள் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெண்ணுமாகச் சாந்திப்பூர் லோக்கலில் போய்விட்டு, எனக்கு ஒரு காட்டன் புடவை வாங்கி வந்தார்கள். நெய்தவரின் பெயரை அந்தப் பெண் பில்லின் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.